ஊர் ஓட்டும் வார்டு ஓட்டும்

தமிழ்நாட்டில் சட்டசபைத் தேர்தல் வந்துவிட்டால் கிடர்பூரில் நம் வீடுகளில் பேச்சுக்குப் பஞ்சம் இருப்பதில்லை. எந்தக் கட்சி எந்தக் கட்சியோடு சேரும், எந்தத் தொகுதியில் யார் டெபாசிட் இழப்பார் என்பதெல்லாம் வாட்கஞ்சில் உட்கார்ந்தபடியே நமக்கு அத்துபடி. ஆனால் நாம் குடியிருக்கும் தெரு எந்த எண் வார்டில் இருக்கிறது, அந்த வார்டின் கவுன்சிலர் யார் என்று கேட்டால், நம்மில் பலர் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கார்ப்பரேஷன் தேர்தல் என்பது ஏதோ அடுத்த வீட்டுக் கல்யாணம், அழைப்பு வந்தால் போகலாம், வராவிட்டாலும் குறையில்லை என்று இருந்துவிடுகிறோம்.

இந்த எண்ணத்தை நாம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இரண்டு, மூன்று தலைமுறையாக இங்கே வாழ்ந்து, இங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்து, இங்கேயே கடை வைத்தோ உத்தியோகம் பார்த்தோ வாழ்கிற குடும்பம், தன் ஓட்டையும் இங்கேயே வைத்துக்கொள்வதுதான் முறை. அந்த ஓட்டை முதன்முதலில் செலுத்த வேண்டிய இடம் டில்லிக்கான தேர்தல் அல்ல, வார்டுத் தேர்தல்.

முதலில் நம் இடத்தைப் பார்ப்போம். கல்கத்தா மாநகராட்சியில் மொத்தம் 144 வார்டுகள். கிடர்பூர், வாட்கஞ்ச், ஏக்பால்பூர் என்று நாம் வாய்வார்த்தையாகச் சொல்லும் பகுதி 75, 76, 77, 78 என்று அடுத்தடுத்த வார்டுகளில் பிரிந்து கிடக்கிறது. இவற்றில் 75, 76, 78 ஆகியவை கொல்கத்தா துறைமுகச் சட்டசபைத் தொகுதியில் சேர்ந்தவை. நடுவில் இருக்கும் 77 மட்டும் பவானிபூர் தொகுதியில் சேர்ந்தது. ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் இரண்டு குடும்பங்கள் இரண்டு எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டுப் போடுவது இப்படித்தான். இதுகூடத் தெரியாமல் நாம் இந்தப் பாராவில் ஆண்டுக்கணக்கில் இருந்துவிடலாம், ஒருவரும் கேட்கப் போவதில்லை.

ஆனால் நம் அன்றாட வாழ்க்கை அந்த வார்டு எண்ணில்தான் கட்டுண்டு கிடக்கிறது. குழாயில் தண்ணீர், தெருவில் குப்பை, மழை பெய்தால் வடிய வேண்டிய சாக்கடை, குழந்தை பிறந்தால் சான்றிதழ், பெரியவர் காலமானால் சான்றிதழ், கடைக்கு டிரேட் லைசென்ஸ், வீட்டுக்கு வரி என்று எல்லாமே கார்ப்பரேஷன் விவகாரம். 2017 ஏப்ரலிலிருந்து வீட்டு வரிக்கு ஊரையே ஏழு வகைப் பகுதிகளாகப் பிரித்துச் சதுர அடிக் கணக்கில் போடுகிறார்கள். நம் தெரு எந்த வகையில் வருகிறது என்பதில் நம் பணம் இருக்கிறது. போதாததற்கு, கிடர்பூரில் துறைமுகத்துக்குச் சொந்தமான நிலமும் சாலைகளும் நிறைய. ஒரு குழி விழுந்தால் அது கார்ப்பரேஷனுடைய குழியா, துறைமுகத்துடைய குழியா என்ற கேள்வியிலேயே மாதங்கள் போய்விடும். அந்த இழுபறியில் நமக்காக வாதாட வேண்டியவர் கவுன்சிலர். வங்காளியில் அவரைப் பௌரபிதா என்றும், பெண்ணானால் பௌரமாதா என்றும் சொல்கிறார்கள். தாய் தகப்பன் பெயரே தெரியாத பிள்ளைகளாக நாம் இருக்கலாமா?

வார்டுத் தேர்தலில் நமக்கு ஏன் இந்த அசட்டை? பூர்வீகப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. பிறகு 1996 வரை, அதாவது 23 ஆண்டுகள், அங்கே கவுன்சிலர் தேர்தலே நடக்கவில்லை. அந்த ஆண்டுகளில் சென்னையை விட்டுக் கிளம்பி வந்தவர்கள் ஒரு முறைகூட வார்டு ஓட்டுப் போடாமலே இங்கு வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. அப்போதும் சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 44 பேருக்கும் குறைவு.

கல்கத்தாவின் கதை வேறு. 1924இல் சித்தரஞ்சன் தாஸ் முதல் மேயராகவும் சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியாகவும் அமர்ந்த கார்ப்பரேஷன் இது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே இருந்தது. இங்கும் 1972இல் மன்றத்தை நீக்கிவிட்டு அரசே நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது உண்டு. ஆனால் 1985இல் மறுபடி தேர்தல் தொடங்கிய பின், 1990, 1995, 2000, 2005, 2010, 2015 என்று கடிகாரம்போல ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடந்து வந்தது. 2020இல் வரவேண்டிய தேர்தல் மட்டும் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 டிசம்பர் 19 அன்று நடந்தது. அதில் ஏறக்குறைய 64 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். சென்னை நமக்குக் கொடுக்காத ஒன்றை இந்த ஊர் எட்டு முறை நம் கையில் கொடுத்திருக்கிறது. அதை நம்மில் எத்தனை பேர் வாங்கிக்கொண்டோம்?

"எனக்கு ஊரில் ஓட்டு இருக்கிறதே" என்று சொல்லும் அன்பர்கள் உண்டு. இந்தப் பதிலுக்குச் சோதனை வந்தது 2025இன் இறுதியில். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டிலும் மேற்கு வங்காளத்திலும் ஒரே சமயத்தில் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. அந்த டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியலில் மேற்கு வங்காளத்தில் சுமார் 58 லட்சம் பெயர்களும், தமிழ்நாட்டில் சுமார் 97 லட்சம் பெயர்களும் இல்லை. இறந்தவர்கள், இடம் மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஊரிலும் படிவம், இங்கும் படிவம் என்று வந்தபோது நம்மவர் பலருக்கு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற நிலை. ஊரில் தேடி வந்தபோது ஆள் இல்லை. இங்கே தேடி வந்தபோது பழைய பட்டியலில் பெயர் இல்லை. இரண்டும் கெட்டான் ஆவதைவிட ஓரிடத்தில் உறுதியாக நிற்பது மேல் அல்லவா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். அவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அந்த இடம்தான் கணக்கு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் அவர் அந்த ஊர்வாசி ஆகிவிட மாட்டார் என்று அதே சட்டம் சொல்கிறது. தற்காலிகமாக வெளியூர் போனதால் மட்டும் உரிமை போய்விடாது என்றும் சொல்கிறது. ஆகவே இரண்டு, மூன்று ஆண்டு உத்தியோகத்துக்காக வந்து திரும்பிப் போகிறவர்கள் தங்கள் ஓட்டை ஊரிலேயே வைத்திருப்பதில் நியாயம் உண்டு. நான் பேசுவது அவர்களைப் பற்றி அல்ல. கோடை விடுமுறைக்கும் குலதெய்வப் படையலுக்கும் மட்டும் ஊருக்குப் போய்வருகிற நம்மைப் பற்றி.

ஓட்டை இங்கே மாற்றினால் ஊரில் நிலம் போய்விடுமோ, பங்காளிகள் பேச்சு வளர்ப்பார்களோ என்ற பயம் பலருக்கு உண்டு. பட்டாவுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிலம் பத்திரத்திலும் பட்டாவிலும் இருக்கிறது. குலதெய்வம் வாக்காளர் அட்டை கேட்பதில்லை. ஊர்ப் பாசம் நம் மனத்தில் இருக்கட்டும். பெயர் நாம் தண்ணீர் பிடிக்கும் தெருவில் இருக்கட்டும்.

இன்னொரு வாதம் இதைவிடக் கனமானது. "2021இல் 144 வார்டில் 134ஐ திரிணமூல் காங்கிரஸ் ஒன்றே வென்றது. முடிவு முன்பே தெரிந்த தேர்தலில் என் ஒரு ஓட்டு என்ன செய்யும்? அதோடு ஓட்டுப் போடும் நாளில் கலாட்டா வேறு" என்பார்கள். அந்த நாளில் சியால்தா பக்கம் வாக்குச்சாவடிக்கு வெளியே நாட்டு வெடிகுண்டு வீசப்பட்டதும், சிலர் காயம் அடைந்ததும் உண்மைதான். அச்சத்தை ஒன்றுமில்லை என்று நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அதே தேர்தலில் மூன்று சுயேச்சைகளும் ஜெயித்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெயித்த 135ஆம் வார்டு நம்முடைய துறைமுகத் தொகுதியில்தான் இருக்கிறது. வார்டு சிறியது, அங்கே சில நூறு ஓட்டுகள்கூடத் தராசை அசைக்கும். அதோடு, எண்ணிக்கை முடிந்ததும் எந்த வாக்குச்சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்ற கணக்கு எல்லாக் கட்சிக்காரர் கையிலும் இருக்கும். ஜெயித்தவரும் தோற்றவரும் அடுத்த ஐந்தாண்டுக்கு வைத்துப் பார்க்கும் கணக்கு அது. நாம் யாருக்குப் போட்டோம் என்று அதில் தெரியாது. ஆனால் அந்தப் பகுதியில் ஓட்டுப் போடுகிற ஜனங்கள் இருக்கிறார்களா, இல்லையா என்பது தெரியும்.

பட்டியலில் இருப்பதன் அருமை கஷ்ட காலத்தில்தான் புரியும். 2025 ஜூன் மாதம் நம் ஆர்ஃபன்கஞ்ச் சந்தையில் நள்ளிரவில் பற்றிய தீ நூற்றுக்கணக்கான கடைகளைக் கரியாக்கியது. முதலமைச்சர் மமதா பானர்ஜி நேரில் வந்து, முழுதும் எரிந்த கடைக்கு 1 லட்சம் ரூபாய், பாதி எரிந்த கடைக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்தார். உடனே வந்த கேள்வி, எந்தக் கடை யாருடையது என்பதுதான். கணக்கெடுக்க வருகிறவர் முன்னால் கையில் காகிதம் உள்ளவன் பேச முடியும், இல்லாதவன் விழிக்க வேண்டும். 2024 மார்ச் 17 இரவு பக்கத்துக் கார்டன் ரீச்சில், 134ஆம் வார்டில், அனுமதியின்றி எழும்பிக்கொண்டிருந்த ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து ஓட்டு வீடுகள்மேல் விழுந்தது. பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். ஐந்து மாடி ஒரே இரவில் முளைப்பதில்லை. ஒவ்வொரு மாடியும் எழும்பும்போது அண்டை அயலார் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். பார்த்ததைப் போய்ச் சொல்லும் துணிவு, இது என் வார்டு என்ற எண்ணம் உள்ளவனுக்குத்தான் வரும். ஓட்டு இல்லாதவனுக்கும் கவுன்சிலர் கடமைப்பட்டவரே. ஆனால் ஓட்டு இல்லாதவன் தானாகவே தயங்கி வாசலில் நின்றுவிடுகிறான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

கடல் கடந்து போன நம் உறவினரைப் பாருங்கள். இங்கிலாந்தில் சட்டப்படி வசிக்கும் இந்தியக் குடிமகனும் இலங்கைக் குடிமகனும், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாமலே, காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் அங்குள்ள நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். வாடகை வீட்டு விலாசமே போதும். அன்னிய தேசத்தில் அவர்களுக்குக் கிடைப்பது, சொந்த தேசத்தில், சொந்தக் குடியுரிமையோடு இருக்கும் நமக்குக் கசக்கிறதா?

அங்கே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. தேர்தலுக்கு முன் எல்லா வேட்பாளரையும் ஒரே மேடையில் உட்காரவைத்து ஊர்ஜனங்கள் கேள்வி கேட்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஹஸ்டிங்ஸ். நம் பக்கத்து ஹேஸ்டிங்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்! அதை நம் சங்கமும் செய்யலாம். "சங்கத்துக்கு எதற்கு அரசியல்" என்று நிர்வாகக் குழுவில் ஒரு குரல் எழும். அது எழ வேண்டிய குரலும்தான். சங்கம் எந்தக் கட்சிக்கும் கொடி பிடிக்கக் கூடாது. தமிழர் ஓட்டு மொத்தமாக இன்னாருக்கு என்று பேரம் பேசவும் கூடாது. இந்தப் பகுதியில் வங்காளி, உருது, இந்தி, தெலுங்கு பேசுகிறவர்களுக்கு நடுவே நாம் ஒரு கைப்பிடி. தமிழன் என்று தனியாகக் கேட்டால் அந்தக் கைப்பிடியாகவே நிற்போம். தண்ணீரும் சாக்கடையும் கேட்கும்போது தெருவே நம்மோடு நிற்கும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் இது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஒரு மேசை போடுங்கள். பதினெட்டு நிறைந்த பிள்ளைகளுக்குப் படிவம் 6. ஊரிலிருந்து இங்கே பெயரை மாற்றுகிறவர்களுக்குப் படிவம் 8. எழுதப் படிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்தால் போதும். கார்ப்பரேஷன் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம் என்றாலும், அதற்கும் சட்டசபைப் பட்டியலே அடிப்படை. ஆகவே ஒரு முறை சரிசெய்தால் எல்லாத் தேர்தலுக்கும் ஆயிற்று. 2021இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் ஐந்தாண்டு 2026 டிசம்பரில் நிறைகிறது. தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் பயனில்லை.

குறிப்பாக நம் வீட்டுப் பெண்களைக் கேட்டுக்கொள்கிறேன். மன்றத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று சட்டமே ஒதுக்கியிருக்கிறது. எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும், எந்த விளக்குக் கம்பத்தில் எவ்வளவு நாளாக விளக்கு எரியவில்லை என்பது ஆண்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். 2025 செப்டம்பர் 23 அன்று ஒரே இரவில் 25 சென்டிமீட்டர் மழை கொட்டி, தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து பலர் உயிர்விட்டார்களே, அந்தத் தண்ணீரில் மறுநாள் காலை பால் வாங்க இறங்கியவர்களும் நீங்கள்தான். வேட்பாளர்கள் வரும்போது முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள். வங்காளியில் கேட்டாலும் சரி, இந்தியில் கேட்டாலும் சரி. கேட்பவரின் பெயர் பட்டியலில் இருக்கட்டும்.