பொல்லோடு ஒரு மடுப் பயணம்

ஆவணித் திருநாளுக்கு மடுவுக்குப் போய் வந்த கதையை இம்மாதம் எழுதுகிறேன் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தக் கதையை எங்கள் வீட்டுக் கிணற்றடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கடந்த மாசி மாதம் ஒருநாள் விடியப்புறம் ஐந்தரை மணிப் பூசைக்கு வெளிக்கிட முகம் கழுவப் போனேன். கிணற்றுக்கட்டைச் சுற்றிப் பாசி பிடித்திருந்தது. அது எனக்குத் தெரியாததல்ல. "நாளைக்குத் தேய்ப்பம், நாளைக்குத் தேய்ப்பம்" என்று மார்கழியிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவள் நான்தான். கால் வழுக்கியது. வலப்பக்கம் இடுப்பும் முழங்காலும் அடிபட நிலத்தில் கிடந்தேன். கோயில் மணி அடித்து ஓய்ந்தது. எழும்பி உட்கார எவ்வளவு நேரம் பிடித்ததோ, பூசை அரைவாசி முடிந்திருக்கும்.

சகோதரிகளே, விழுந்ததை விட அதற்குப் பிறகு நான் செய்ததுதான் வெட்கம். நான்கு நாட்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. எண்ணெய் பூசி, வெந்நீர் ஒத்தடம் பிடித்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தேன். ரொறன்ரோவிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கும்போது கதிரையில் நிமிர்ந்து இருந்து, கழுத்துக்கு மேலே மட்டும் தெரியும்படி போனைப் பிடித்தேன். "என்னம்மா, முகம் வாடிக் கிடக்கு?" என்றாள். "வெயில் பிள்ளை" என்றேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று படிப்பித்த ரீச்சர் நான்!

பிடித்துக் கொடுத்தது பூசைக்கு வருகிற சனம்தான். மூன்றாவது வாங்கில் சுவரோரம் என்னுடைய இடம். அது வெறுமையாகக் கிடப்பதைக் கண்டவர்கள் என் பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் விசாரித்திருக்கிறார்கள். அவள் சைவக்காரி, கோயில் நேரம் எல்லாம் அவளுக்குத் தெரியாது. ஆனாலும் உடனே வேலியால் எட்டிப் பார்த்து, "ரீச்சர், ஒருக்கா எழும்பி நடவுங்கோ பாப்பம்" என்றாள். நான் எழும்பவில்லை. அவ்வளவுதான், ஓட்டோ வந்துவிட்டது.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. முழங்கால் தேய்ந்திருக்கிறது, பிரஷர் குளிசை எடுப்பவர்கள் படுக்கையை விட்டுச் சடாரென்று எழும்பினால் தலை சுற்றும், கொஞ்ச நேரம் கட்டிலில் இருந்து பிறகு எழும்ப வேண்டும் என்றெல்லாம் டொக்டர் சொன்னார். கடைசியில் ஒரு பொல்லும் எழுதித் தந்தார்.

பொல்லு! எனக்கு அது அம்மம்மாவின் சாமான். முதல் இரண்டு கிழமையும் அதை அலுமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்துவிட்டுக் குடையை ஊன்றிக்கொண்டு பூசைக்குப் போனேன். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, விடியாத இருட்டில் ஒரு கிழவி குடையோடு போனால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அது எனக்குத் தோன்றவே இல்லை. குடையின் நுனி சீமெந்துத் தரையில் ஒருநாள் சறுக்கிய பின்புதான் புத்தி வந்தது.

உடற்பயிற்சிச் சிகிச்சை தருகிற பிள்ளை காட்டித் தந்ததை இங்கே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். நோகிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் பொல்லைப் பிடிக்க வேண்டும். எனக்கு வலக்கால் நோவு, ஆகவே பொல்லு இடக்கையில். நோகிற காலும் பொல்லும் ஒன்றாக முன்னுக்குப் போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் பொல்லின் பிடி மணிக்கட்டு மட்டத்துக்கு வர வேண்டும். அடியில் இறப்பர் தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பொல்லும் நோகிற காலும் முதலில். நாங்கள் எல்லோரும் நோகிற பக்கத்துக் கையில்தானே பிடிப்போம்? நானும் அப்படித்தான் பிடித்தேன்.

விஷயம் மகளுக்குத் தெரிந்ததும் ஒரு கிழமை அழுகையும் சண்டையும். "இஞ்ச வாங்கோ, இல்லாட்டி சிஸ்டர்மாரின்ர முதியோர் இல்லத்திலயாவது இருங்கோ. தனிய இருக்கிற கதை இனி வேண்டாம்." அவளைக் குறை சொல்ல மாட்டேன். 2017இல் ஆறு மாதம் அவளோடு இருந்தேன். ராசாத்தி மாதிரிப் பார்த்தாள். ஆனால் அங்கே பூசைக்குப் போவதென்றால் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். கிழமைக்கு ஒரு பூசை, மற்ற ஆறு நாளும் யன்னலோரம் இருந்து பனி பார்த்தேன்.

இங்கே என்னுடைய நாள் பெரிய நாள் அல்ல. பூசை முடிய வாசலில் பத்து நிமிடம் ஊர்ப் புதினம். வரும் வழியில் பாண். குரோட்டன் செடிகளுக்குத் தண்ணீர். மத்தியானம் ஒரு சின்னத் தூக்கம். மூன்று மணிக்கு றேந்தை பின்னல். கொன்வென்டில் விடுதியில் இருந்த காலத்தில் சிஸ்டர் ஒருவர் பழக்கிய கை இது. அந்த நாளில் 60ஆம் நம்பர் நூலில், மயிர் போன்ற இழையில் பின்னினேன். ஒரு கண்ணில் கற்றரக்ட் வெட்டிய பிறகு 20ஆம் நம்பர் மொத்த நூலுக்கு வந்துவிட்டேன். எங்கள் கோயில் பீடத் துணிகளில் இரண்டுக்கு ஓரம் என்னுடையது. பின்னேரம் செபமாலை. இதில் எதை விட்டுவிட்டு நான் போவது?

கடைசியில் மகளிடம் ஒரு பேச்சுப் பேசினேன். "ஆவணிக்கு மடுவுக்குப் போய், என்ர காலால நடந்து திரும்பி வந்தால், அடுத்த வருசம் வரைக்கும் இந்தக் கதையை எடுக்கக் கூடாது. ஏலாமல் வந்தால் நீ சொல்றதைக் கேக்கிறன்." அவள் யோசித்து, "சரி" என்றாள். சொன்ன பிறகு எனக்குத்தான் பயம் பிடித்தது.

மடு எனக்குப் புதிய இடமல்ல. சின்ன வயதில் ஊர்ச் சனத்தோடு லொறியில், பானை சட்டி, அரிசி மூட்டையோடு போய்ப் பாலை மரத்தின் கீழ் நாட்கணக்கில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். பிறகு பாதை பூட்டிய காலங்கள். 1999 கார்த்திகையில் அங்கே தஞ்சமடைந்திருந்தவர்கள் எறிகணைக்குப் பலியானதையும், 2008 சித்திரையில் மாதாவின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனதையும் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தியாக மட்டுமே கேட்டோம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015 தை 14ஆம் திகதி மடுவுக்கு வந்தபோது அந்தச் சனக் கூட்டத்தில் வெயிலுக்குள் நின்றேன். அந்தக் கால் இப்போது இல்லை.

பங்கு மாதர் சங்கத்தார் பஸ் பிடித்திருந்தார்கள். முன்வாசலுக்கு அருகில் ஓர வாங்கைக் கேட்டு வாங்கினேன். குளிசைகளைச் சாமான் பையில் போடாமல் கைப்பையில் வைத்தேன். இன்னொன்று சொல்ல வேண்டும், இதை ஒருவரும் எழுதுவதில்லை. பயணம் என்றால் எங்கள் வயதுப் பெண்கள் பலர் முதல்நாளே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறோம். வழியில் எங்கே இறங்குவது, குந்தியிருந்து எழும்ப ஏலுமா என்ற பயம். தண்ணீர் இல்லாமல் வெயிலில் போனால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? நான் இம்முறை வெட்கத்தை விட்டு, புறப்பட முன்பே சங்கத் தலைவியிடம், "இருந்து எழும்பக்கூடிய கக்கூஸ் உள்ள இடத்தில வவுனியாவில பஸ்ஸை நிப்பாட்ட வேணும்" என்று கேட்டேன். நிறுத்தினார்கள். இறங்கியது நான் மட்டுமா? பஸ்ஸில் பாதிப் பேர் இறங்கினார்கள்!

திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் கூட்டத்துக்குள் போகாமல், தூரத்தில் ஒரு மரத்தடியில் மடக்குக் கதிரையில் இருந்து பின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சிலாபத்திலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா பாயில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களத்தில் கடைக்குப் போய் வரத்தான் தெரியும். என் கையைப் பார்த்து, "ரேந்த" என்றார். "ஓம், றேந்தை" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு. போர்த்துக்கீசர் விட்டுப் போன சொல். மேசை, அலுமாரி, சப்பாத்து மாதிரி அவர்களுக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான்.

அவரிடமும் பொல்லு இருந்தது. எழும்பும்போது பார்த்தேன், நோகிற காலின் பக்கத்திலேயே பிடித்தார். எனக்குள் இருக்கிற ரீச்சர் சும்மா இருப்பாளா? பொல்லை வாங்கி மற்றக் கையில் கொடுத்து, நடந்து காட்டினேன். அவருடைய பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா நாலு அடி வைத்தார், திரும்பினார், இன்னும் நாலு அடி வைத்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். ஓரம் முழுவதும் அன்னாசிப் பின்னல், 60ஆம் நம்பர் நூல்.

மறுநாள் திருநாள் பூசை கேட்டு, ஆசீர்வாதம் பெற்று, பஸ்ஸுக்கு நடந்து வந்தேன். கால் வீங்கியிருந்தது. அதை இம்முறை மகளுக்கு மறைக்கவில்லை; போனைத் திருப்பிக் காலைக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "நடந்துதானே வந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

நானும் சிலவற்றை விட்டுக்கொடுத்திருக்கிறேன். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போவதில்லை, குசினிக்குள் குழாய் வந்துவிட்டது. வீட்டுத் திறப்பு ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கிறது. ஐப்பசி தொடக்கம் மாரி முடியும்வரை இருட்டில் பூசைக்கு நடக்கக் கூடாது என்பது மகளின் கட்டளை. ஞாயிறும் வெள்ளியும் ஓட்டோ. அந்த மற்ற நாட்கள் கஷ்டம்தான். மணி கேட்கும், நான் கட்டிலில் இருப்பேன்.

அந்தக் கைக்குட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துக் கண்ணி எண்ணிப் பின்னிப் பார்க்கிறேன். ஐந்தாவது வரியில் இரண்டு தரம் பிழைத்து அவிழ்த்துவிட்டேன்.