பதில் வராத கடிதங்களும் பெட்டியடிப் பையனும்

சென்ற மாதம் ஒரு மாலை, காரைக்குடி கல்லூரிச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் முதுகலை வேதியியல் படிக்கும் தங்கை ஒருவரைச் சந்தித்தேன். தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார், அப்பா கட்டட வேலைக்கு. குடும்பத்தில் இவர்தான் முதல் பட்டதாரி. துறையில் வேலை செய்கிற மூன்று பேரைச் சந்தித்து, என்ன வேலை செய்கிறார்கள், அதற்குள் எப்படிப் போனார்கள் என்று கேட்டு எழுதி வரும்படி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். பேட்டரி தயாரிப்பில் வேலைக்குப் போக வேண்டும் என்பது இவருடைய ஆசை. சென்னை, ஓசூர், கோவை என்று தேடிப் பதினேழு பேருக்கு எழுதியிருக்கிறார். ஒருவர் 'பிஸி' என்று ஒரே சொல்லில் பதில் போட்டார். மற்ற பதினாறு பேரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

"எனக்கு இங்கிலீஷ் சரியா எழுத வரலண்ணே. அதான் யாரும் மதிக்கல. விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார்.

கடிதத்தை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் சொன்ன இன்னொரு செய்திதான் என்னை எழுத வைத்தது. அதே வகுப்பில் ஒருவர் மூன்று பேரையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டாராம். ஒருவர் மாமா, ஒருவர் சித்தப்பா, மூன்றாமவர் அப்பாவின் நண்பர். அவர் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

இந்த இடத்தில் நம் கல்லூரிகள் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைத்து வரும். அவர் எறும்பைப் பார், விடாமுயற்சியைப் பார் என்பார். பதினேழு கடிதம் எழுதியவரிடம் விடாமுயற்சி இல்லை என்று யார் சொன்னது? குறை அவருடைய ஊக்கத்தில் இல்லை. ஊக்கம் தீர்ந்துபோகும்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் அவருக்கு நம்பிக்கையூட்ட முடியாது.

அந்த ஏற்பாட்டின் வரலாறு நம் ஊரிலேயே கிடக்கிறது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ஒரு சிறுவன் தொழிலுக்குள் நுழையும் முதற்படிக்குப் 'பெட்டியடிப் பையன்' என்று பெயர். பணப்பெட்டிக்கு அருகில் உட்கார்ந்து, எடுபிடி வேலை செய்து, பேரேடு எழுதுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்வான். பிறகு 'அடுத்தாள்' ஆவான். அதன் பிறகு முகவராகித் தனியே ஒரு கடையைப் பொறுப்பேற்பான். தொழிற்கல்வி என்ற அளவில் இது அருமையான முறை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதை முடிவு செய்தது உறவும் சாதியும்தான். அந்தப் பையன் முன்பின் தெரியாத ஒருவருக்கு "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்வீர்களா" என்று எழுத வேண்டியிருக்கவில்லை.

அதே நிலத்தில் இன்னொன்றும் நடந்தது. இன்றைய சிவகங்கை மாவட்டம் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் கூடி ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணிவதுகூடத் தடை. அடுத்த ஆண்டு அவை பதினொன்றாயின. ஆதிதிராவிடப் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது அவற்றில் அடங்கும். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. நூறு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒரு வீட்டுப் பையன் பேரேட்டைப் பார்த்து வளர்ந்தபோது, இன்னொரு வீட்டுப் பிள்ளை கையில் பலகை பிடிக்கவே தடை. இந்த இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்து, "மூன்று பேரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறோம்.

'அதெல்லாம் பழைய கதை' என்பவர்களுக்கு 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வை நினைவூட்டுகிறேன். சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஆங்கில நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குதான். அதே ஆண்டில் வெளிவந்த சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் செய்த ஆய்வில், பணியமர்த்தும் மேலாளர்கள் தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டே, 'குடும்பப் பின்னணி'யைக் கேட்பதையும் இயல்பான ஒன்றாகச் சொன்னார்கள்.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லை. 1929 செங்கல்பட்டு மாநாட்டிலிருந்து சுயமரியாதை இயக்கம் நமக்கு வாங்கித் தந்த பெருமை அது. அதனால் இங்கே கேள்வி வேறு வடிவில் வரும். எம்.எஸ்சி. முடித்த ஆண்டில், மதுரையில் ஒரு நிறுவன அதிகாரியைப் பார்க்க இரண்டு பேருந்து மாறிப் போனேன். "சொந்த ஊர் எது தம்பி?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவருக்கு நேரமில்லாமல் போயிற்று. திரும்பி வரும்போது எனக்குத்தான் பேசத் தெரியவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அந்தத் தங்கை சொன்னதும் அதேதான்.

பதில் வராத ஒவ்வொரு கடிதத்துக்கும் சாதிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. வேலைப்பளு இருக்கலாம், பார்க்காமலே விட்டிருக்கலாம். ஆனால் அதே வேலைப்பளுவுக்கு நடுவில் அக்கா மகனுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது. யாருக்கு நேரம் கிடைக்கிறது என்பதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. எனவே பதில் வராததை உங்கள் தகுதி மீதான தீர்ப்பாகப் படிக்காதீர்கள். உங்களைத் தெரியாதவர் உங்களை எடைபோட முடியாது.

அம்பேத்கருக்குக்கூட வாசல் தானாகத் திறக்கவில்லை. பள்ளி நாட்களில் பூங்காவில் படித்துக்கொண்டிருந்த அவரைக் கவனித்துப் பேசியவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர். அவர்தான் பின்னர் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அம்பேத்கருக்காகப் பேசி உதவித்தொகைக்கு வழி செய்தார். 1913இல் கொலம்பியாவுக்குப் போனதும் பரோடாவின் உதவித்தொகையில்தான். அவ்வளவு பெரிய அறிவுக்கும் இடையில் ஒரு மனிதர் தேவைப்பட்டார். அதைத் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பொது நிறுவனங்களின் அருமையும் இங்கேதான் தெரிகிறது. நம் ஊர் சிக்ரிக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். பெட்டியடியைப் போல அதற்குள் உறவைக் காட்டி நுழைய வேண்டியதில்லை. விளம்பரம் உண்டு, தேர்வு உண்டு, இட ஒதுக்கீடு உண்டு. தனியாரில் இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் பொது நிறுவனத்திலும் எந்த வேலைக்கு எப்போது அறிவிப்பு வரும், நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதை யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குச் சொன்னவர் உறவினர் அல்ல. பட்டியலினப் பணியாளர் சங்கத்தில் இருந்த ஒரு வங்கி எழுத்தர். புதிய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே அரை மணி நேரம் பேசினார். நான் இன்று ஆய்வு மாணவனாக இருப்பதற்கு அந்த அரை மணி நேரமும் ஒரு காரணம்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு நான் சொல்வது இது. தனியாக எழுதித் தனியாகக் காத்திருக்காதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நோட்டுப் போடுங்கள். யாருக்கு எழுதினோம், யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள். ஒருவருக்குக் கிடைத்த பதில் ஐந்து பேருக்கும் பயன்படட்டும். அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்கு அந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். மேலதிகாரியைவிட, உங்கள் துறையில் இரண்டு மூன்று ஆண்டு முன்பு படித்துப் போனவரை முதலில் தேடுங்கள். வேலை கேட்காமல் இருபது நிமிடம் கேளுங்கள். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், அது தவறில்லை.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் தேடும் வேலையை மாணவர் தலையில் கட்டிவிட்டு மதிப்பெண் போட்டால், அது அப்பாவின் கைப்பேசியில் இருக்கும் எண்களுக்குப் போடும் மதிப்பெண். முன்னாள் மாணவர் பட்டியல் துறையிடம் இருக்கிறது. அழைத்துப் பேசி நேரம் வாங்கித் தருவது துறையின் பொறுப்பு. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் பாடப் பயிற்சியோடு இதையும் சேர்க்க வேண்டும்.

கடைசியாக, படித்து வேலைக்குப் போய்விட்ட நம்மவர்களுக்கு. கன்ஷிராம் 1978இல் பாம்செஃப் அமைப்பைத் தொடங்கியபோது, இட ஒதுக்கீட்டால் மேலே வந்த ஊழியர் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுக்கக் கடன்பட்டவர் என்பதைத்தான் அடிப்படையாக வைத்தார். பணத்தை மட்டும் அவர் நினைக்கவில்லை, நேரத்தையும் அறிவையும் கேட்டார். மாதத்துக்கு ஓர் அரை மணி நேரம், தெரியாத ஒரு மாணவருக்கு. சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அலுவலகத்தில் ஒதுங்கி இருக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் பதில் எழுத உங்கள் சாதியைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தங்கை விடவில்லை. அவருடைய துறையில் இரண்டு ஆண்டு முன்பு படித்த ஓர் அக்கா ஓசூரில் வேலை செய்வதைச் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தோம். ஷிப்ட் முடிந்து இரவு ஒன்பதரைக்கு அவரே அழைத்தார், நாற்பது நிமிடம் பேசினார். இரவு ஷிப்ட் உண்டா, பெண்களுக்கு விடுதி எப்படி, கையில் எவ்வளவு வரும் என்று எல்லாவற்றையும் கேட்டு மூன்று பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னும் இரண்டு பேர் வேண்டும். இதைப் படிக்கிற நீங்கள் அந்தத் துறையில் இருந்தால், உங்கள் மின்னஞ்சலை ஒருமுறை திறந்து பாருங்கள். பதில் எழுதாமல் விட்ட ஒரு கடிதம் அதில் இருக்கலாம்.