உதிர்ந்த கொம்பு யாருக்குச் சொந்தம்?

மாங்காடு என்ற பெயரிலேயே காடு இருக்கிறது. மாமரங்கள் அடர்ந்த காடு, ஆகவே மாங்காடு. காமாட்சி அம்மன் தீயின் நடுவே நின்று தவம் செய்த இடம் என்று பக்தர்கள் போற்றும் ஊர் அது.

இன்று அங்கே காடு இல்லை. தெருக்கள் இருக்கின்றன. மாடி வீடுகள் இருக்கின்றன. பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் ஓடும் பஸ்கள் இருக்கின்றன. 2021-ல் ஊர் நகராட்சியாகவும் ஆகிவிட்டது. மாங்காட்டுப் பிள்ளைகள் மானைப் பார்க்க வேண்டுமானால், கிண்டிக்குப் போக வேண்டும். அல்லது வண்டலூருக்குப் போக வேண்டும்.

மாங்காட்டுக் குடும்பம் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை அன்று, கிண்டிக் காட்டை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் குடியிருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே மான்கள் சாலை ஓரத்திலேயே மேயும். பையன் ஆசையோடு பார்த்துக்கொண்டே நடக்கிறான். ஒரு புதரின் அடியில் ஏதோ கிடக்கிறது. காய்ந்த மரக்கிளை போல் இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால், மான் கொம்பு!

"அப்பா! இதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா? கீழே தானே கிடக்கிறது? நாம் மானை ஒன்றும் செய்யவில்லையே!" என்று கேட்கிறான்.

நியாயமான கேள்வி. பெரியவர்களில் பலருக்கே இதற்கு விடை தெரியாது. ஆகவே அதைப் பற்றி இன்று பார்ப்போம்.

கொம்பு ஏன் விழுகிறது?

புள்ளிமானின் கொம்பு எலும்பால் ஆனது. ஆண் மானுக்கு மட்டுமே அது முளைக்கும். முளைக்கும்போது அதன் மேல் மெல்லிய தோல் மூடியிருக்கும். தோலில் மென்மையான மயிர் இருக்கும். உள்ளே இரத்தம் ஓடும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்; அடிபட்டால் இரத்தம் வரும். விலங்குகளின் உடலில் இவ்வளவு வேகமாக வளரும் உறுப்பு வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

வளர்ச்சி முடிந்ததும் கொம்பு இறுகும். இரத்த ஓட்டம் நிற்கும். மான் தன் கொம்பை மரத்தில் தேய்த்துத் தோலை உரித்துவிடும். பிறகு பெண் மானுக்காக மற்ற ஆண் மான்களோடு மோதும். அந்தக் காலம் முடிந்ததும், கொம்பு தலையோடு சேரும் இடத்தில் உள்ள எலும்பை உடலே அரித்துவிடும். ஒரு நாள் கொம்பு 'பொத்' என்று கீழே விழும். குழந்தைக்குப் பால் பல் விழுவது போலத்தான். மானுக்கு அதனால் துன்பம் இல்லை. புண் ஆறி, மறுபடியும் புதுக் கொம்பு முளைக்கும். ஆண்டுதோறும் இப்படியே நடக்கும்.

குளிர் நாட்டு மான்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே பருவத்தில் கொம்பை உதிர்க்கும். நம் ஊர்ப் புள்ளிமான் அப்படி அல்ல. எந்த மாதத்தில் பார்த்தாலும், கொம்பு உள்ள ஆண் மானும் இருக்கும்; கொம்பு இல்லாத ஆண் மானும் இருக்கும்.

ஒரு மான் உதிர்க்கும். ஒரு மான் உதிர்க்காது

கிண்டிக் காடு ஏறத்தாழ 670 ஏக்கர். பெரிய நகரத்தின் நடுவே இருக்கும் தேசியப் பூங்கா அது. அங்கே இரண்டு வகை மான்கள் உண்டு. ஒன்று, புள்ளிமான். மற்றொன்று, வெளிமான். வெளிமானின் கொம்பு முறுக்கிக்கொண்டு நேராக மேலே போகும்.

இந்த வேறுபாட்டை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். வெளிமானின் கொம்பு, ஆட்டுக் கொம்பு போன்றது. உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. அது உதிராது. சாகும் வரை மானின் தலையிலேயே இருக்கும். ஆகவே ஒருவர் கையில் முறுக்குக் கொம்பு இருந்தால், ஒரு வெளிமான் செத்துப் போயிருக்கிறது என்று பொருள். "இது தானாக விழுந்த கொம்பு" என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு விவரம் தெரியாது. அல்லது அவர் பொய் சொல்கிறார்.

புள்ளிமானிலும், மலைக்காட்டில் வாழும் கடமானிலும் கொம்பு உதிரும் என்பது உண்மை. தென் மாவட்டங்களில் கடமானை 'மிளா' என்பார்கள். உதிர்ந்த கொம்பின் அடியைப் பாருங்கள். சொரசொரப்பான ஒரு வளையம் இருக்கும். அதற்குக் கீழே ஒன்றும் ஒட்டிக்கொண்டு இருக்காது. கொன்று எடுத்த கொம்பிலோ மண்டை ஓட்டின் துண்டும் சேர்ந்து வரும். அல்லது வெட்டிய தடம் இருக்கும்.

ஆனால், அந்தக் கொம்பை அறுத்துத் துண்டு போட்டு, தேய்த்து, கத்திப்பிடி ஆக்கிவிட்டால்? பொத்தான் ஆக்கிவிட்டால்? பிறகு உதிர்ந்த கொம்பு எது, கொன்று எடுத்த கொம்பு எது என்று யார் கண்டு பிடிப்பது? கடைக்காரராலும் முடியாது. வாங்குகிறவராலும் முடியாது. சிக்கல் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

காட்டில் கிடந்தால் வீண் அல்ல

"யாருக்கும் பயன்படாமல் கிடப்பதை எடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள்.

யார் சொன்னது பயன்படாமல் கிடக்கிறது என்று? முள்ளம்பன்றி அதைக் கடித்துத் தின்னும். எலிகளும் கொறிக்கும். மானே அதை எடுத்து மெல்லும். புல்லிலும் தழையிலும் போதுமான சுண்ணாம்புச் சத்து கிடைக்காதபோது, மான் கொம்பில் இருந்து அதைப் பெறுகிறது. மீதி மண்ணோடு சேர்கிறது. வயலில் விழும் தழை உரமாவது போல, காட்டில் விழும் கொம்பும் காட்டுக்கே திரும்புகிறது.

பொறுக்கிய காலம் ஒன்று உண்டு

முன்பு உதிர்ந்த கொம்பைப் பொறுக்குவது குற்றமாக இல்லை. தேன், கடுக்காய், புளி, கல்பாசி ஆகியவற்றைப் போல அதுவும் சிறு வன மகசூலாகவே கருதப்பட்டது. காட்டில் வாழும் மக்கள் பொறுக்கிக் கொடுத்தார்கள். குத்தகைக்காரர்கள் வாங்கினார்கள். கடமான் கொம்பு கப்பல் ஏறி இங்கிலாந்தில் உள்ள ஷெபீல்டு நகரத்துக்குப் போயிற்று. அங்கே கத்திகளுக்குப் பிடி ஆயிற்று.

பொறுக்கியவருக்குக் கிடைத்தது சில காசு. கொழுத்த இலாபம் வேறு எங்கோ போயிற்று. கொம்புக்கு விலை ஏற ஏற, அது விழும் வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களும் காட்டுக்குள் நுழைந்தார்கள். கண்ணியும் துப்பாக்கியும் வந்தன. உதிர்ந்த கொம்பு மூட்டையில் கொன்ற மானின் கொம்பும் கலந்தது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர் அது பல முறை திருத்தப்பட்டு இறுகியது. 1990-களில் மான் கொம்பு ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது. இன்று மான் கொம்பை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அபராதமும் உண்டு. வெளிமான் போன்ற, மிகுந்த பாதுகாப்பு பெற்ற விலங்கு என்றால் தண்டனை 3 ஆண்டில் இருந்து 7 ஆண்டு வரை போகும்.

இதனால் காட்டு மக்களுக்குச் சிறு வருமானம் ஒன்று நின்று போனது உண்மை. அதை மறைக்கக் கூடாது. காட்டை நன்கு அறிந்த அவர்களில் பலர் இன்று வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வேலை பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு நல்ல சம்பளமும் நிரந்தரமும் வேண்டும். கொம்பைப் பொறுக்கிய கைக்குக் காட்டைக் காக்கும் வேலை கொடுப்பதே சரியான ஈடு.

அமெரிக்காவில் ஏலம் விடுகிறார்களே!

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் ஜாக்சன் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊரின் நடுவில் உள்ள பூங்காவுக்கு நான்கு மூலையிலும் வளைவுகள் உண்டு. அவை கல்லால் கட்டிய வளைவுகள் அல்ல. மான் கொம்புகளை அடுக்கிக் கட்டிய வளைவுகள்! முதல் வளைவு 1953-ல் எழுந்தது.

ஊருக்குப் பக்கத்தில், 1912-ல் ஏற்படுத்தப்பட்ட சரணாலயம் இருக்கிறது. 'எல்க்' என்னும் பெரிய மான்கள் குளிர்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் வந்து தங்கும். அவை உதிர்க்கும் கொம்புகளை அனுமதியோடு பொறுக்குகிறவர்கள் சாரணச் சிறுவர்கள். 1968-ல் இருந்து அந்தக் கொம்புகளை ஏலம் விடுகிறார்கள். கிடைக்கும் பணத்தில் பெரும் பகுதி சரணாலயத்துக்கே போகிறது. தனி ஆள் உள்ளே புகுந்து எடுத்தால் குற்றம்.

அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதியில், சரணாலயத்துக்கு வெளியே உள்ள பொது நிலத்திலும் கட்டுப்பாடு உண்டு. சனவரி முதல் ஏப்ரல் முடியும் வரை யாரும் கொம்பு பொறுக்கக் கூடாது. ஏன்? அப்போது பனி. இரை கிடைக்காது. மான்கள் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டு உயிர் வாழும். அந்த நேரத்தில் மனிதர்கள் நுழைந்து விரட்டினால், ஓடியே களைத்துச் செத்துவிடும்.

பாருங்கள்! கொம்பு பொறுக்க அனுமதி உள்ள நாட்டிலும், "மானை விரட்டாதே, அமைதியைக் கெடுக்காதே" என்பதே முதல் விதி. அங்கே பனிக்காலம் முடியும் வரை காத்திருந்தால் போதும். இங்கே புள்ளிமான் ஆண்டு முழுவதும் கொம்பு உதிர்க்கிறது. ஆண்டு முழுவதும் குட்டியோடு திரிகிறது. தொந்தரவு இல்லாத மாதம் என்று ஒன்று இல்லை. ஆகவே அந்த ஊர்க் கணக்கு நம் ஊருக்குப் பொருந்தாது.

கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்?

காட்டிலோ பூங்காவிலோ கொம்பைப் பார்த்தால், தொடாதீர்கள். நின்று பாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். புதருக்குள் கை விடாதீர்கள், பாம்பு இருக்கலாம்.

பொது வழியில் கிடந்தால், அங்குள்ள காவலரிடம் சொல்லுங்கள். ஏதோ காரணத்தால் கொம்பு உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் வனத்துறை அலுவலகத்திலோ, பக்கத்துக் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். கேட்டால் ஒப்படைக்க வேண்டும். இது சட்டம்.

மானுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையை எறியாதீர்கள். செத்துப்போன மானின் வயிற்றை அறுத்துப் பார்த்த டாக்டர்கள், பிளாஸ்டிக்கை உருண்டை உருண்டையாக எடுத்திருக்கிறார்கள்.

சுவரில் தொங்கும் கொம்பு

சில பழைய வீடுகளில் தாத்தா காலத்துக் கொம்பு சுவரில் இருக்கும். அதற்கு உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். சான்றிதழோடு வாரிசுக்கு வந்த பொருள் என்றால், 90 நாளுக்குள் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படி வந்ததையும் விலைக்கு விற்கக் கூடாது. கணக்கில் காட்டாதவர்களுக்கு 2003-ல் அரசாங்கம் 180 நாள் வாய்ப்புக் கொடுத்தது. அந்த வாய்ப்பு முடிந்துவிட்டது. சான்றிதழ் இல்லாத கொம்பு இருந்தால், நீங்களே போய் ஒப்படைப்பதே நல்லது. பரணில் மறைப்பது நல்லது அல்ல.

சிலம்பக்காரர்கள் இரண்டு கொம்பைப் பிணைத்துக் கையில் பிடித்து ஆடுவது உண்டு. கலை வாழட்டும். மரத்திலும் உலோகத்திலும் செய்த கொம்பே அதற்குப் போதும்.

இன்னும் ஒன்று. நெஞ்சு வலிக்கு மான் கொம்பை இழைத்துப் போடும் வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. நெஞ்சு வலி வந்தால் கொம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒவ்வொரு நிமிடமும் உயிர்.

அப்பா சொல்ல வேண்டிய பதில்

கொம்பை வாங்க ஆள் இருக்கும் வரை, மானைக் கொல்லவும் ஆள் இருப்பான். "உதிர்ந்த கொம்புதான்" என்ற சொல்லுக்குப் பின்னால் அவன் ஒளிந்துகொள்வான். நம் வீட்டுச் சுவரில் ஒரு கொம்பு தொங்கினால், வந்து பார்க்கும் நாலு பேருக்கும் அது போல ஒன்று வேண்டும் என்று தோன்றும். அந்த நாலு கொம்பும் உதிர்ந்த கொம்பாகத்தான் இருக்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்?

மாங்காட்டுப் பையன் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிறான் அல்லவா? அவனுடைய அப்பா இப்படிச் சொல்லலாம்:

"வேண்டாம் கண்ணு. அது மானும் முள்ளம்பன்றியும் தின்கிற பொருள். இங்கேயே இருக்கட்டும். அடுத்த வருஷம் வந்தால், இதே மான் புதுக் கொம்போடு நிற்கும். அதை வந்து பார்ப்போம்."

நம் ஊரின் பெயரில் மட்டும் காடு மிஞ்சிவிட்டது. கிண்டியிலாவது காடு காடாகவே இருக்கட்டும். கொம்பு மண்ணில் கிடக்கட்டும். மான் உயிரோடு இருக்கட்டும்.