முசூரி மலை கற்பிக்கும் பாடம்

நாம் நாள்தோறும் அருந்தும் நீர் எந்த மலையில் பிறந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? தமிழ்நாட்டிலிருந்து பணியின் பொருட்டு டேராடூனுக்கு வந்த தொடக்கத்தில் நானும் எண்ணியதில்லை. இந்நகரில் 'கிழக்குக் கால்வாய்ச் சாலை' என்றொரு சாலை உண்டு. சாலை இருக்கிறது, கால்வாயைக் காணவில்லை. கால்வாயை மூடி அதன்மேல் சாலை அமைத்துவிட்டனர் எனப் பின்னர் அறிந்தேன். அதில் ஓடிய நீர் எங்கிருந்து வந்தது என்று வினவியபோது, ஊர்ப் பெரியவர்கள் வடக்கே நிற்கும் முசூரி மலையைச் சுட்டிக் காட்டினர். அம்மலையின் வரலாற்றைக் கற்ற பிறகு என் உள்ளத்தில் எழுந்த கருத்துகளையே இங்கு எழுதுகிறேன்.

கிழக்கே கங்கையும் மேற்கே யமுனையும் எல்லைகளாக அமைந்தது டூன் பள்ளத்தாக்கு. அதன் வடக்கே உள்ள முசூரி மலைத்தொடரில் சுண்ணாம்புப் பாறை மிகுதி. இப்பாறையில் வெடிப்புகளும் துளைகளும் நிறைந்துள்ளன. மழைநீர் அவற்றின் வழியே உள்ளிறங்கித் தங்கி, மலையடிவாரத்தில் ஊற்றாகச் சுரக்கிறது. பாறையிடையே நீர் ஊறி நிற்கும் இடத்தைச் 'சுனை' என்பது தமிழ் வழக்கு. இம்மலையோ எண்ணற்ற சுனைகளைத் தன் வயிற்றில் சுமந்த பெருந்தொட்டி. மழை நான்கு திங்களில் நின்றுவிடும். மலை தரும் நீரோ ஆண்டு முழுதும் வரும்.

அதே சுண்ணாம்புக் கல் உருக்காலைகளுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் தேவைப்பட்டது. எனவே, 1962ஆம் ஆண்டில் பலருக்கு இருபதாண்டுக் குத்தகைகள் வழங்கப்பட்டன. வெடி வைத்துப் பாறைகளைத் தகர்த்தனர். பயன்படாத கற்களையும் மண்ணையும் சரிவுகளில் தள்ளினர். அவை மழையில் உருண்டு ஓடைகளைத் தூர்த்தன, ஆற்றுப்படுகைகள் மேடாயின. மழைக்காலத்தில் வெள்ளம் வயல்களில் புகுந்தது. கோடையில் ஊற்றுகள் வற்றின. பசிய மலையின் மேனியில் வெண்புண்கள் தோன்றின.

1983இல் டேராடூனைச் சேர்ந்த தன்னார்வ அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு மடல் எழுதியது. அம்மடலையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், 1985 மார்ச் 12 அன்று பல சுரங்கங்களை மூட ஆணையிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது அதற்கு மறு ஆண்டில்தான் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு மடலும் மக்களின் விழிப்பும் சட்டத்திற்கு முன்னே நடந்தன.

'சுரங்கத்தை மூடினால் தொழிலாளர் பிழைப்பது எவ்வாறு?' என்று சிலர் வினவுவர். இவ்வினாவைப் புறந்தள்ளுதல் அறமாகாது. மலையைக் காப்பதற்கான விலையை ஏழைத் தொழிலாளர் மட்டும் கொடுப்பது நீதியன்று. வேலை இழந்தோருக்கு, இயன்றவரை, அப்பகுதியின் காடு வளர்ப்பிலும் மண் பாதுகாப்பிலும் பணி வழங்குமாறு நீதிமன்றம் அவ்வாணையிலேயே கூறியது. மலையை உடைத்த கைகளுக்கே மலையை ஆற்றும் பணியைத் தரலாம் என்னும் அச்சிந்தனை இன்றும் பின்பற்றத் தக்கது.

இனி, புண்பட்ட மலையை மீட்பது எப்படி? மரக்கன்று நட்டால் போதும் எனப் பலர் கருதுகின்றனர். மண்ணே இல்லாத சரிவில் நட்ட கன்று முதல் மழையிலேயே அடித்துச் செல்லப்படும். முதலில் நீரின் வேகத்தைத் தணிக்க வேண்டும். கம்பிவலைக்குள் கற்களை அடுக்கி ஓடைகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்ட வேண்டும். சரிவில் குறுக்காக வரப்பும் அகழியும் அமைக்க வேண்டும். பின்னர்ப் புல், அதன்பின் புதர், அதன்பின் மரம் என்பதே முறை. வேலை மலைமுகட்டில் தொடங்கிப் பள்ளத்தாக்கை நோக்கி இறங்க வேண்டும்.

இம்முறை பயன் தந்தமைக்குச் சான்று உண்டு. சகஸ்ரதாரா அருகே சுரங்கத்தால் சிதைந்த 64 எக்டர் நிலத்தை, டேராடூனில் உள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1984 முதல் சீர்செய்தனர். முன்பு மழையற்ற காலத்தில் ஏறத்தாழ 60 நாள் மட்டுமே ஓடிய நீர், பின்னர் 240 நாள் வரை ஓடியது. பிராந்திய இராணுவத்தின் 127ஆவது சுற்றுச்சூழல் படைப்பிரிவு 1982இல் தோன்றியது. அதில் சேர்ந்த முன்னாள் படைவீரர்கள், முசூரியின் வெற்றுச் சரிவுகளை மீண்டும் பசுமையாக்கினர். உங்களுள் பலர் படைவீரர்களின் பிள்ளைகள். எல்லையைக் காத்த கைகள் மலையையும் காத்தன என்பது நீங்கள் பெருமை கொள்ள வேண்டிய செய்தி.

ஆயினும், ஓர் உண்மையை மறைத்தலாகாது. சரிவை மூடலாம், ஓடையைச் சீராக்கலாம். வெடியால் நொறுங்கிய பாறையை மீண்டும் பாறையாக்கும் கலை எவரிடமும் இல்லை. உடைக்கச் சில ஆண்டுகள் போதும். ஆற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஆகவே, 'பின்னர்ச் சீர்செய்து கொள்ளலாம்' என்று கூறி மலையை உடைக்க இசைவு தருவது பெரும்பிழை என்பதே என் துணிபு. மலையில் சுரங்கங்கள் நின்ற பின்னும், இப்பள்ளத்தாக்கின் ஆற்றுப்படுகைகளில் மணலும் கல்லும் அள்ளப்படுகின்றன. கற்ற பாடத்தை நாம் எத்துணை விரைவாக மறக்கிறோம்!

அரசர்களின் போர்களும் ஆண்டுகளும் மட்டுமே வரலாறு அல்ல. ஓர் ஊற்று எப்போது வற்றியது, ஏன் வற்றியது, எவர் முயற்சியால் மீண்டது என்பதும் வரலாறே. அதனை அறிந்தவர்களே அடுத்த மலையைக் காக்க வல்லவர்கள்.

பிறந்த ஊர் ஒன்று, வாழும் ஊர் வேறொன்று என்பது உங்கள் நிலை. என் நிலையும் அதுவே. ஆயினும், எந்த ஊரின் நீரை உண்கிறோமோ அந்த ஊருக்கு நாம் கடமைப்பட்டவர்கள். உங்கள் ஊர் நீரின் வரலாற்றை அங்குள்ள முதியவர்களிடம் அவர்கள் மொழியிற் கேளுங்கள். தமிழில் எழுதி வையுங்கள். அவ்வேடு நாளை ஒரு மலையைக் காக்கும் மடலாகவும் மாறலாம்.