கண்ணாடியில் ஒட்டிய பெயர்

ஜப்பானின் நிஸ்ஸான் கம்பெனி அமெரிக்காவில் "மாக்சிமா" என்னும் காரை விற்றது. குடும்பத்தோடு போகத் தகுந்த கார். 1989-ம் ஆண்டு மாடலின் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். "நான்கு கதவு ஸ்போர்ட்ஸ் கார்" என்பது அதன் பொருள். அப்பாவுக்கு வேகம், பிள்ளைகளுக்கு இடம். நல்ல யுக்திதான்!

அப்போது கையால் கியர் மாற்றும் மாடலும் கிடைத்தது. 2007 மாடலில் அதை எடுத்துவிட்டார்கள். பெயரை மட்டும் விடவில்லை. 2015-ல் பந்தய வீரரான தந்தையையும், அவருக்காக ஏங்கும் மகனையும் காட்டி டெலிவிஷனில் விளம்பரம் செய்தார்கள். ஜனங்களோ உயரமான கார்களை நாடினார்கள். 2023 மாடலோடு மாக்சிமா அங்கே நின்றுவிட்டது.

விளம்பரம் ஆசையை மூட்டும், வண்டியை ஓட்டாது. கார் வாங்குகிறவர்களே, சீட்டைப் படியுங்கள். ஆனால், ஓட்டிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணுங்கள்!