கந்தகத்தைக் காட்டி பாதரசத்தை மறைக்காதீங்க!

இந்திய நிலக்கரியில கந்தகம் கம்மியாம். அதனால புகைபோக்கிக்கு எஃப்.ஜி.டி. கருவி தேவையில்லையாம். 2025 ஜூலையில இப்படிச் சொல்லித்தான் நாட்டின் அனல் மின் அலகுகளில் நாலுல மூணு பங்குக்கு மேல ஒன்றிய பாஜக அரசு விலக்கு கொடுத்தது.

சரி, கந்தகம் கம்மி. பாதரசம்?

கொதிகலன் சூட்டுல நிலக்கரியில் இருக்கிற பாதரசம் ஆவியாகிடும். சாம்பலைப் பிடிக்கிற இ.எஸ்.பி. தூசிக்கான கருவி, சாம்பலோட ஒட்டுற பாதரசம்தான் அதுல நிக்கும், மீதி ஆவி வெளியே போயிடும். எஃப்.ஜி.டி.யில சுண்ணாம்புக்கல் கரைசல் தெளிக்கும்போது, கந்தக டை ஆக்சைடோட சேர்ந்து தண்ணியில கரையற வகை பாதரசமும் மாட்டும். கரையாத வகைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் தூள் தூவணும். ஆக, எஃப்.ஜி.டி. மட்டுமே முழுத் தீர்வு இல்லதான். ஆனா இருந்த ஒரு வடிகட்டியையும் வேணாம்னு சொன்னா எப்படி?

இத்தனைக்கும் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம் பாதரசம்தான் இருக்கலாம்னு 2015 டிசம்பர்ல விதி போட்டதும் இதே அரசு. 2018ல மினமாட்டா உடன்படிக்கையை ஏற்றதும் இதே அரசு. எஃப்.ஜி.டி. பொருத்த முதல் கெடு 2017. அது 2022 ஆச்சு, அப்புறமும் தள்ளிப்போச்சு, கடைசியில பெரும்பாலானவங்களுக்கு கெடுவே இல்லாம போச்சு!

10 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரத்துக்கு 10 கி.மீ.க்குள்ள இருந்தா கட்டாயமாம். பாதரசத்துக்கு கிலோமீட்டர் கணக்கு தெரியுமா? காத்துல ரொம்ப தூரம் போய், மழையோட இறங்கி, தண்ணியில மீதைல் பாதரசமா மாறி மீனுக்குள்ள சேரும். கருவில் இருக்கிற குழந்தையோட மூளையைத்தான் முதல்ல தாக்கும். (உடனே மீனை ஒதுக்காதீங்க. நெத்திலி, மத்தி மாதிரி சின்ன மீன்ல இது ரொம்பக் குறைவு. மீனவர் வயித்துல அடிக்கிற பதிவு இல்ல இது.)

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலைத் தொழிலாளர்கள் இழப்பீட்டுக்கு 2016 வரை போராடினாங்க. ஆலை மூடினது 2001ல!

"அப்போ கரண்ட் வேணாமா?"ன்னு கமெண்ட்ல வருவாங்க. வேணும். அமெரிக்காவுல 2012ல பாதரச விதி வந்தது. சில வருஷத்துலயே மின் நிலையப் பாதரசம் 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. அங்க யாரும் இருட்டுல உட்காரல.

நம்ம கோரிக்கை ரெண்டு. விலக்கைத் திரும்பப் பெறு. ஒவ்வொரு புகைபோக்கியோட பாதரச அளவையும் மக்கள் பார்க்கிற மாதிரி இணையத்துல போடு. தூத்துக்குடி, மேட்டூர்னு நம்ம மாநில மின்வாரிய நிலையங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

#பாதரசக்_கணக்கு_எங்கே