பேனா மாதிரி இருக்கும், எழுதாது!

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிலாளியின் வீடு. காலை நேரம்.

தாய் துணி துவைக்க உட்காருகிறாள். மகனுடைய கால்சட்டைப் பையில் ஏதோ தட்டுப்படுகிறது. எடுத்துப் பார்க்கிறாள். பளபளவென்று இருக்கிறது. பேனா மாதிரி தெரிகிறது. ஆனால் முள் இல்லை, மையும் இல்லை. முகர்ந்து பார்க்கிறாள். மாம்பழ வாசனை அடிக்கிறது.

"இது என்னடா?" என்று கேட்கிறாள்.

"கம்ப்யூட்டர்ல மாட்டுற சாமான், அம்மா. பத்திரமா வை" என்கிறான் மகன்.

தாய் நம்பிவிடுகிறாள். சாமி படத்துக்குப் பக்கத்தில், அலமாரியில் எடுத்து வைக்கிறாள்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அதே பையில் ஒரு பீடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நிமிடமே வீட்டில் சண்டை நடந்திருக்கும். பீடியை எல்லோருக்கும் தெரியும். அதன் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பேனா காட்டிக்கொடுக்காது. இதுதான் "மின்சார சிகரெட்". வாலிபர்கள் இதை "வேப்" என்கிறார்கள். பத்திரிகைகளில் "இ-சிகரெட்" என்று எழுதுகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

இதில் புகையிலைத் தூள் கிடையாது. நெருப்பும் கிடையாது. ஒரு சிறு பாட்டரி இருக்கிறது. ஒரு கம்பிச் சுருள் இருக்கிறது. கொஞ்சம் திரவம் இருக்கிறது. வாயில் வைத்து இழுத்தால் கம்பி சூடாகும். திரவம் ஆவி மாதிரி கிளம்பும். அதை உள்ளே இழுக்கிறார்கள்.

"வெறும் ஆவிதானே? இட்லிப் பானையில் வருவது போல!" என்று விற்கிறவர்கள் சொல்வார்கள்.

அது தவறு. அந்தத் திரவத்தில் பெரும்பாலும் நிகோடின் இருக்கிறது. புகையிலையில் இருக்கிற அதே நஞ்சுதான். பீடியை ஒருவன் விட முடியாமல் தவிப்பதற்குக் காரணமே இந்த நிகோடின்தான். இழுத்த சில நொடிகளில் அது மூளைக்குப் போய்விடுகிறது. "இன்னொரு தடவை" என்று கேட்கச் செய்கிறது.

இளம் பிள்ளைகளின் மூளை ஏறக்குறைய 25 வயது வரையில் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். வளரும் மூளையில் நிகோடின் புகுந்தால், கவனமும் படிப்பும் கெடும். பழக்கமும் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

மாம்பழ வாசனையும், புதினா வாசனையும் யாருக்காகச் சேர்க்கிறார்கள்? அறுபது வயதுக் கிழவருக்காகவா?

கண்டுபிடித்தவர் கதை

இப்போது உலகெங்கும் விற்கும் மின்சார சிகரெட்டை 2003-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியவர் சீன நாட்டு மருந்தாளர் ஒருவர். அவர் பெயர் ஹோன் லிக். அவர் ஓயாமல் சிகரெட் பிடிப்பவர். அவருடைய தந்தையும் அப்படித்தான். தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்துபோனார். சிகரெட்டை விட ஒரு வழி வேண்டும் என்றுதான் ஹோன் லிக் இதைச் செய்தார்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் சாமான் கடைக்கு வந்ததும், சிகரெட்டை விட நினைத்தவர் மட்டுமா வாங்கினார்? சிகரெட்டையே தொடாத சிறுவர்களும் வாங்கினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டு அரசாங்கம் 2018-ஆம் ஆண்டிலேயே இதற்குத் தடை போட்டது. மத்திய அரசாங்கம் 2019 செப்டம்பர் 18-ந் தேதி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பார்லிமெண்டின் இரண்டு சபைகளும் நிறைவேற்றி, அது முழுச் சட்டம் ஆயிற்று.

இந்தியாவில் மின்சார சிகரெட்டைத் தயாரிக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது. விற்கக் கூடாது. விளம்பரம் செய்யக் கூடாது.

மீறினால்? முதல் தடவை ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் அகப்பட்டால் மூன்று ஆண்டு வரை ஜெயில். ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். சரக்கைச் சேர்த்து வைத்திருந்தாலே ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். புகைக்கிற பையனுக்கென்று தனியாக ஒரு தண்டனையை இந்தச் சட்டத்தில் எழுதவில்லை. சட்டத்தின் குறி விற்பவன் மேல். இதைப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். "வெளியே சொன்னால் பையனை ஜெயிலில் போட்டுவிடுவார்களோ!" என்று பயந்து மூடி மறைத்தால், லாபம் அடைவது விற்றவன்தான்.

நல்ல சட்டம். நான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் இதில் ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

படம் இல்லாத விஷம்

சிகரெட் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 85 பங்கு இடத்தில் பயங்கரமான எச்சரிக்கைப் படம் இருக்கும். 2016 முதல் இப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட அந்தப் படத்தைப் பார்த்தால் புரிந்துகொள்வார். "விட்டுவிடு" என்று சொல்லி ஓர் இலவச டெலிபோன் நம்பரும் அதிலேயே இருக்கிறது.

மின்சார சிகரெட்டில் என்ன படம் இருக்கிறது? ஒன்றும் இல்லை! மாம்பழப் படம்தான் இருக்கிறது.

ஏன்? அது தடை செய்த பொருள். சட்டப்படி அது நாட்டிலேயே இல்லை. இல்லாத பொருளின் மேல் அரசாங்கம் எப்படி எச்சரிக்கைப் படம் ஒட்டும்? திருட்டுத்தனமாக வருகிற சரக்கில், திருடனா எச்சரிக்கை அச்சடிப்பான்?

ஆகவே தடை போட்டதோடு அரசாங்கத்தின் வேலை முடியவில்லை. தடை போட்ட பிறகுதான் வேலை கூடுதலாகிறது. பாக்கெட்டில் போட முடியாத படத்தைச் சுவரில் போட வேண்டும்.

2016-17-இல் நாடு முழுவதும் புகையிலைப் பழக்கத்தைப் பற்றிக் கணக்கு எடுத்தார்கள். அப்போது நூறு பேரில் சுமார் மூன்று பேர்தான் மின்சார சிகரெட்டைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் கும்மிடிப்பூண்டியில் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் பெண்களைக் கேளுங்கள். பீடி தெரியும், சுருட்டு தெரியும், குட்கா தெரியும். இதைக் கையில் கொடுத்தால் எத்தனை பேர் "இது வேப்" என்று சொல்வார்கள்?

எல்லையில் ஓர் ஊர்

கும்மிடிப்பூண்டியை ஏன் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

இது தமிழ்நாட்டின் வடக்கு வாசல். இதைத் தாண்டினால் ஆந்திரா. சென்னையிலிருந்து கல்கத்தா போகும் பெரிய ரோடு இந்த வழியாகப் போகிறது. மின்சார ரெயிலும் சென்னையிலிருந்து இங்கே வருகிறது. சிப்காட் தொழிற்பேட்டை இங்கே இருக்கிறது. இரவும் பகலும் ஷிப்ட் மாறி மாறி வேலை நடக்கிறது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த வாலிபர்கள் ஓர் அறையில் பலபேராகத் தங்கி உழைக்கிறார்கள். நம்மூர்ப் பையன்களும் பள்ளிக்கூடம் முடித்ததும் இங்கேதான் முதல் சம்பளம் வாங்குகிறார்கள்.

கையில் முதல் சம்பளம். உடம்பில் இரவு ஷிப்டின் அசதி. பக்கத்தில் கண்டிக்க அப்பா அம்மா இல்லை. கெட்ட பழக்கம் நுழைவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா?

எளாவூர் சோதனைச் சாவடியில் குட்கா பிடிபட்டது, கஞ்சா பிடிபட்டது என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறோம். மூட்டையைப் போலீசார் பிடித்துவிடலாம். உள்ளங்கையில் மறைகிற பேனாவை எப்படிப் பிடிப்பது? ஒவ்வொரு பயணியின் சட்டைப் பையையும் சோதிக்க முடியுமா?

முடியாது. கடைசிச் சோதனைச் சாவடி வீட்டு வாசல்தான். அங்கே காவல் நிற்பவள் தாய். அவளுக்குத் திருடனின் அடையாளம் தெரிய வேண்டாமா?

அமெரிக்காவும் சிங்கப்பூரும்

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் என்ன ஆகும்?

2019-இல் அமெரிக்காவில், மின்சார சிகரெட் இழுத்த வாலிபர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் படுத்துவிட்டார்கள் அல்லது இறந்துவிட்டார்கள். இறந்தவர்கள் 68 பேர். ஆராய்ந்து பார்த்தார்கள். பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்த திருட்டுத் திரவத்தை இழுத்தவர்கள். அதில் சேர்த்திருந்த ஒருவகை வைட்டமின் எண்ணெய் நுரையீரலைக் கெடுத்திருந்தது.

நம்மவர்கள் ஏராளமாக வேலை செய்யும் சிங்கப்பூரில், 2018 முதல் இதை வாங்குவதும், வைத்திருப்பதும், புகைப்பதும் குற்றம். அப்படியும் வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியைத் தூங்க வைக்கும் 'எட்டோமிடேட்' என்ற மருந்தையே சிலர் அதில் கலந்து விற்றார்கள். 2025 செப்டம்பர் முதல் அந்த மருந்தையும் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து, சிங்கப்பூர் அரசாங்கம் தண்டனையைக் கடுமையாக்கியது. அந்த நாட்டுக்குப் போகும் தமிழ் வாலிபர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

திருட்டுச் சரக்குக்கு லேபிள் கிடையாது. இருந்தாலும் நம்ப முடியாது.

"சீமையில் டாக்டரே கொடுக்கிறாராமே!"

படித்த பிள்ளைகள் இப்படி வாதம் செய்வார்கள். அது பொய் அல்ல. பிரிட்டனில், சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்கு இதை ஒரு மாற்றாகச் சுகாதாரத் துறையாரே சிபாரிசு செய்கிறார்கள். எரிகிற புகையிலையைவிட இதில் கேடு குறைவு என்பது அவர்கள் கட்சி.

ஆனால் அங்கேயும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. ஒரு தடவை பிடித்துவிட்டுத் தூக்கி எறியும் வகையை 2025 ஜூன் 1 முதல் அங்கேயும் தடை செய்துவிட்டார்கள். சிறுவர்கள் கையில் அது புகுந்ததும் ஒரு காரணம்.

முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவருக்குக் "கேடு குறைவு" என்ற பேச்சு பொருந்தலாம். ஒருநாளும் புகைக்காத பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்? ஆற்றில் விழுந்தவனுக்குக் கட்டை வேண்டும். கரையில் நிற்பவனைக் கட்டையைக் கொடுத்துத் தள்ளிவிடலாமா?

"அப்பா பீடி பிடிக்கலாமா?"

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.

"அப்பா தினம் ஒரு கட்டு பீடி பிடிக்கிறார். அது கடையில் தாராளமாக விற்கிறது. எனக்கு மட்டும் ஏன் தடை?" என்று மகன் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

2019-இல் பார்லிமெண்டிலேயே இதைக் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். புகையிலையால் இந்தியாவில் ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்குமேல் சாகிறார்கள். தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைத் தொடுகிறார் என்று 2016-17 கணக்கு சொன்னது. மின்சார சிகரெட்டைத் தடுத்ததால் பீடி நல்லது ஆகிவிடவில்லை. இதை அரசாங்கம் உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், "தடை இல்லாதது தீமை இல்லாதது" என்று ஜனங்கள் எண்ணிவிடுவார்கள்.

வீட்டுக்குள் ஏறிவிட்ட பாம்பை அடிக்க நாள் ஆகிறது. அதற்காக வாசலில் வரும் பாம்பையும் உள்ளே விடலாமா? சட்டத்துக்கு நான் காணும் நியாயம் இதுதான்.

ஆனால் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பீடியைக் கீழே போட்ட அன்றுதான் உங்கள் சொல்லுக்கு மகனிடம் பலம் வரும்.

செய்ய வேண்டியது என்ன?

ரெயில் நிலையம், பஸ் நிலையம், ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், ஆலை வாசல், இந்த ஐந்து இடத்திலும் மின்சார சிகரெட்டின் படத்தைப் பெரிதாக ஒட்ட வேண்டும். பேனா மாதிரி ஒன்று, பெட்டி மாதிரி ஒன்று என்று எல்லா வடிவமும் இருக்க வேண்டும். "இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இது விஷம். விற்பது குற்றம்" என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். கும்மிடிப்பூண்டியில் தமிழ் மட்டும் போதாது. தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் போட வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடக்கும்போது, போலீசார் பிடித்த சாமானில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டட்டும். நூறு பிரசங்கத்தைவிட அது மேல்.

விற்பவர்களைப் பற்றிப் புகார் சொல்ல 2023-இல் மத்திய சுகாதாரத் துறை ஓர் இணையதளம் திறந்தது. அதைத் தேடத் தெரியாதவர்கள் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போகலாம். சப்-இன்ஸ்பெக்டருக்கே சோதனை போட அதிகாரம் இருக்கிறது.

பழக்கத்தில் விழுந்துவிட்ட பையனை அடிக்காதீர்கள். விரட்டாதீர்கள். 1800-11-2356 என்ற நம்பருக்கு டெலிபோன் செய்யுங்கள். காசு வேண்டாம். சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் நம்பர் இதுதான். விடுவதற்கு வழி சொல்வார்கள்.

இன்று இரவு, வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது, இந்தப் பக்கத்தை ஒருவர் உரக்கப் படியுங்கள். படிக்கத் தெரியாத பாட்டியும் கேட்கட்டும். நாளைக் காலையில் துணி துவைக்கும்போது, பையில் ஏதாவது தட்டுப்பட்டால், அதை அலமாரியில் வைக்க மாட்டார்கள் அல்லவா?